உரோமாபுரிச் சட்டமும் எமது காணியும்

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியோடு வந்த மண்சரிவுகளின் பின்னர், இறம்பொடைப் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றோடு நாம் கூடிப் பேசியபோது மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. முதலாவது ஒரு தாயின் கேள்வி. "பாட்டன், பூட்டன் காலத்துல இருந்து அதே லயத்துல, அதே காம்பராவுல தான் இருக்கோம் சாமி. பத்து வருசம் இருந்தா சொந்தம்னு சொல்றாங்களே, நமக்கு மட்டும் ஏன் இல்ல?" அடுத்தது மரக்கறி செய்து வாழ்ந்த ஒருவருடையது. "மேட்டுல இருந்து எறங்கி வரச் சொன்னாங்க, வந்துட்டோம். காணிய விட்டுட்டு வந்தா காணி போயிருமா?" மூன்றாவது, 1983க்குப் பின் வவுனியாவுக்குப் போன தம்பிக்கு இங்குள்ள தகப்பன் காணியில் இன்னும் பங்கு உண்டா என்பது.

விடை தேடிப் போனால் உரோமாபுரி வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. எமது காணி வழக்குகளில் சட்டத்தரணிமார் பேசும் பேச்சில் பாதி அங்கே பிறந்ததுதான். அது எப்படி இந்த மலைக்கு வந்தது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

உரோமையில் ஆதியில் சட்டம் எழுதப்பட்டிருக்கவில்லை. குருமாரும் பெருங்குடியினரும் மனதில் வைத்திருந்ததே சட்டம். கடனுக்கும் காணிக்கும் வழக்காடப் போன ஏழைக் குடியானவன், அவர்கள் வாயிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். சாதாரண குடிமக்கள் சட்டத்தை எழுதித் தரும்படி நெடுங்காலம் போராடினார்கள். கி.மு. 451, 450 ஆகிய ஆண்டுகளில் பன்னிரண்டு பலகைகளில் சட்டம் எழுதி வைக்கப்பட்டது. 'தோட்டத்து வழக்கம் இது' என்ற ஒரு சொல்லால் வாயடைக்கப்பட்ட பரம்பரைக்கு, எழுத்தில் கேட்ட அந்தக் குடியானவனின் அருமை விளங்கும்.

உரோமச் சட்டம் வேதாகம வாசகர்களுக்கு அந்நியமும் அல்ல. பிலாத்துவின் நியாயஸ்தலம் உரோம நியாயஸ்தலம். எருசலேமில் பவுலைச் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, தாம் உரோமக் குடிமகன் என்று அவர் சொன்ன மாத்திரத்தில் அடிக்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள். குடியுரிமை என்ற ஒன்றின் பெறுமதியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் வேறில்லை. கி.பி. 212இல் கரகல்லா என்ற பேரரசன் தன் ஆட்சிக்குட்பட்ட சுதந்திரர் ஏறக்குறைய அனைவருக்கும் குடியுரிமை கொடுத்தான். எமது நாட்டில் 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது நடந்தது இதற்கு நேர்மாறு. அந்தக் கணக்கு முழுதாகத் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருந்தோம். அதுவரை பிரசாவுரிமை இல்லாதவர் அரச காணிக்கு விண்ணப்பிக்கவே வழியில்லை என்பதையும் இங்கே நினைவுபடுத்துகிறோம்.

ஆயிரம் ஆண்டுக்குச் சேர்ந்த சட்டங்களையும் சட்ட அறிஞர்களின் கருத்துகளையும் தொகுப்பித்தவன் கொன்ஸ்தாந்திநோப்பிளில் ஆண்ட ஜஸ்டினியன் பேரரசன். திரிபோனியன் என்ற அறிஞரின் தலைமையில் ஒரு குழு மூன்றே ஆண்டில், கி.பி. 533இல், ஐம்பது புத்தகங்கள் கொண்ட தொகுப்பை முடித்தது. பின் அது மேற்கே மறக்கப்பட்டு, பதினோராம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியின் பொலோஞா நகரில் மீண்டும் பாடமாகி, அங்கிருந்து ஐரோப்பா எங்கும் பரவியது. ஒல்லாந்தில் அது உள்ளூர் வழக்கங்களோடு கலந்து உரோம டச்சுச் சட்டம் ஆயிற்று. அதை முதலில் ஒழுங்காக எழுதியவர்களில் ஒருவரான ஹியூகோ குரோஷியஸ் ஒரு கைதி. 1619இல் ஆயுட்சிறை விதிக்கப்பட்டு, கோட்டைச் சிறையில் இருந்தபடி தம் நூலை எழுதினார். 1621இல் அவருடைய மனைவி மரியா அவரைப் புத்தகப் பெட்டிக்குள் படுக்க வைத்து வெளியே அனுப்பிவிட்டார். காவலர்கள் புத்தகம் என்று நினைத்துத் தூக்கிப் போனார்களாம். நூல் 1631இல் அச்சானது.

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தபோது இந்தச் சட்டமும் கப்பலேறி வந்தது. ஆங்கிலேயர் கரையோரங்களைக் கைப்பற்றிய பின், 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் அதை நீடிக்க விட்டார்கள். ஒல்லாந்தர் கண்டி இராச்சியத்தை ஒருபோதும் ஆண்டதில்லை. இறம்பொடையில் அவர்கள் ஆட்சி நடக்கவும் இல்லை. ஆனால் 1815இல் கண்டி வீழ்ந்து, 1852இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்து, கண்டியச் சட்டம் பேசாத இடங்களில் கரையோரத்துச் சட்டம் செல்லும் என்றாயிற்று. கண்டியச் சட்டம் கண்டியச் சிங்களவருக்கு உரியது. தேசவழமை வடமாகாணத் தமிழருக்கு உரியது. மலையகத் தமிழருக்கென்று தனிச்சட்டம் எதுவும் இல்லாதபடியால் நாம் பொதுச் சட்டத்தின் கீழ் வருகிறோம். ஆங்கிலேயர் காலத்திலும் பின்னரும் வந்த கட்டளைச் சட்டங்கள் அதன் மேல் அடுக்கப்பட்டிருந்தாலும் அடித்தளம் உரோமருடையது. அந்தப் பேரரசு அழிந்துபோயிற்று, அதன் காணிச் சட்டம் எமது தலையில் இருக்கிறது.

இனி கேள்விகளுக்கு வருவோம்.

உரோமர் இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்று உரித்து; பொருள் யாருக்குச் சொந்தம் என்பது. மற்றது ஆட்சி, பொருள் யார் கைவசம் இருக்கிறது என்பது. பசு என்னுடையதாக இருக்கலாம், பால் கறப்பவர் வேறொருவராக இருக்கலாம். சாதாரணமாக இரண்டும் ஒருவரிடமே இருக்கும். இரண்டும் பிரியும்போதுதான் வழக்கு வருகிறது.

உரிய காலம் வரை ஒருவர் ஆட்சி செய்தால் அந்த ஆட்சியே உரித்தாக மாறும் என்றும் உரோமர் கண்டார்கள். பன்னிரண்டு பலகைகளின்படி காணிக்கு இரண்டு ஆண்டு போதும். பேரரசு பெருத்த பின் அது போதாதென்று கண்டு, ஜஸ்டினியன் காலத்தில் பத்தாண்டு, இருபதாண்டு என்று வகுத்தார்கள். எமது நாட்டில் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பத்தாண்டு என்கிறது. 'பத்து வருசம் இருந்தா சொந்தம்' என்ற பேச்சு இங்கிருந்து வந்ததுதான். ஆனால் அந்தப் பேச்சில் பாதிதான் உண்டு, மீதிப் பாதி விடுபட்டுப் போயிற்று.

எல்லா ஆட்சியும் ஆட்சியல்ல என்பதை உரோமர் மூன்று சொல்லால் சொல்லி வைத்தார்கள். பலாத்காரமாக இருக்கக் கூடாது. களவாக, மறைவாக இருக்கக் கூடாது. உரியவரிடம் கேட்டு அவர் அனுமதியால் இருப்பதாகவும் இருக்கக் கூடாது. இந்த மூன்றாவதில்தான் லயத்துத் தாயின் கேள்விக்கு விடை இருக்கிறது. ஒருவர் கேட்க, மற்றவர் 'நான் போகச் சொல்லும் வரை இருந்துகொள்' என்று விடுவதை உரோமர் பிரிகேரியம் என்றார்கள், கெஞ்சிக் கேட்டுப் பெற்றது என்று பொருள். நிலையில்லாத பிழைப்பைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'பிரிகேரியஸ்' என்ற சொல் இதன் பிள்ளை. இப்படி இருப்பவரை அயலான் எவனும் கிளப்ப முடியாது. இடம் கொடுத்தவர் மட்டும் எப்போதும் கிளப்பலாம். எத்தனை ஆண்டு போனாலும் அது உரித்தாகாது. ஏனெனில் அனுமதியோடு இருப்பவர் காணிக்காரரின் உரித்தை ஒவ்வொரு நாளும் ஒப்புக்கொண்டே இருக்கிறார் என்பது கணக்கு. எமது நாட்டு நீதிமன்றங்களும் நூறு ஆண்டுக்கு மேலாக இதையே சொல்லி வருகின்றன: அனுமதியின் பேரில் நுழைந்தவர், 'இது என்னுடையது' என்று தம் மனதுக்குள் நினைத்துக்கொண்டால் போதாது, வெளிப்படையாக எதிர்த்து நின்றால்தான் காலம் ஓடத் தொடங்கும்.

லயத்துக் காம்பரா வேலையோடு கொடுக்கப்பட்டது. ஐந்து தலைமுறையானாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது அனுமதி. இதற்கு மேல் இன்னொரு பூட்டும் உண்டு. பெருந்தோட்டக் காணிகளில் பெரும்பகுதி, 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு அரசுக்குச் சென்றுவிட்டது. 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளுக்குப் போய், பின்னர் 53 ஆண்டுக் குத்தகையானது. அரசின் காணிக்கு எதிராகப் பத்தாண்டு ஆட்சி செல்லாது என்று 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. ஆகவே உரித்து அரசிடம், குத்தகை கம்பனியிடம், அனுமதி தொழிலாளியிடம் என மூன்று அடுக்கு. உரோமரிடமும் நீண்டகாலக் குத்தகை இருந்தது. அதன் கீழே நிலத்தை உழுத குடியானவர்களும் இருந்தார்கள். 332இல் கொன்ஸ்தந்தீன் பேரரசன், திருச்சபை போற்றும் அதே மன்னன், நிலத்தை விட்டு ஓட நினைக்கும் குடியானவனை விலங்கிட்டு வைக்கலாம் என்று கட்டளை போட்டான். எமது பாட்டன்மாரைக் கடனாலும் துண்டாலும் தோட்டத்தோடு கட்டிவைத்ததை இது நினைவூட்டுகிறது. துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

எமது கருத்தை மறைக்காமல் சொல்கிறோம். காம்பராவை இனாமாக விட்டதுபோலப் பேசுவது நியாயமல்ல. அது கூலியின் ஒரு பகுதி. குறைந்த சம்பளத்தால் அதன் விலை பல மடங்கு செலுத்தப்பட்டாயிற்று. ஆனால் நீதிமன்றத்தில் இந்த நியாயம் எடுபடாது. உரோமர் போட்ட முடிச்சைப் பாராளுமன்றம்தான் அவிழ்க்க வேண்டும். 2015க்குப் பின் 7 பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டம் வந்தது அப்படியான ஒரு முயற்சியே. திறப்புக் கிடைத்த எல்லோருக்கும் பதிவான உறுதி கிடைத்துவிடவில்லை. வீடு கிடைத்தவர்கள் கையில் இருப்பது உறுதியா, வெறும் கடிதமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கடிதம் என்றால் அதுவும் ஒருவகை பிரிகேரியமே.

இரண்டாவது கேள்வி, மண்சரிவுக்குப் பயந்து இறங்கி வந்தவருடையது. இவருக்கு உரோமர் நல்ல செய்தி வைத்திருக்கிறார்கள்.

ஆட்சிக்கு உடலும் வேண்டும், மனதும் வேண்டும் என்பது அவர்கள் கண்ட விதி. தொடங்கும்போது இரண்டும் தேவை. தொடர்வதற்கு மனம் மட்டும் போதும் என்ற இடங்களும் உண்டு. இத்தாலியில் ஆட்டுக்காரர்கள் கோடையில் மலை மேய்ச்சலுக்குப் போவார்கள், மாரியில் சமவெளிக்கு இறங்குவார்கள். விட்டுவந்த மேய்ச்சல் நிலம் அவர்கள் கைவசம்தான் இருக்கிறது, திரும்பும் எண்ணத்தோடு போனார்களே என்று சட்டம் எழுதி வைத்தார்கள். புயலில் கப்பல் மூழ்காமல் இருக்க மூட்டைகளைக் கடலில் எறிந்தவர் அவற்றின் உரித்தை இழப்பதில்லை. வேண்டாம் என்று எறியவில்லை, உயிருக்குப் பயந்து எறிந்தார். கரையில் ஒதுங்கிய மூட்டையைத் தனதாக்குபவன் திருடன். ஜஸ்டினியனின் பாடநூலிலேயே இது இருக்கிறது. இரவோடிரவாக வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கி வந்தவரின் நிலையை இதைவிட நெருக்கமாகச் சொல்ல எமக்குத் தெரியவில்லை.

வெள்ளத்தைப் பற்றியும் அதே நூல் பேசுகிறது. வெள்ளம் வயலை மூடிக்கொண்டதால் உடைமையாளர் மாறுவதில்லை. வடிந்த பின் அது அவருடையதே. ஆறு மெதுவாக மணல் சேர்த்தால் அது கரையிலுள்ள காணிக்காரருக்குச் சேரும். வெள்ளம் ஒரு துண்டு நிலத்தைப் பிய்த்து அயலவன் காணியில் கொண்டுபோய் ஒட்டினால் அது பழையவருக்கே உரியது. நெடுங்காலம் கிடந்து, அதிலுள்ள மரங்கள் அயலவன் மண்ணில் வேரோடினால்தான் கதை மாறும்.

கீழே தெரியும் கொத்மலை நீர்த்தேக்கத்தைக் காட்டி, 'அந்த ஊர்க்காரர் காணியைத் தண்ணீர் எடுக்கவில்லையா?' என்று ஒருவர் கேட்டார். தண்ணீர் எடுப்பதில்லை. அணைக்கட்டு போன்ற பொதுத் தேவைக்குக் காணியை எடுக்க 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அறிவித்தல், விசாரணை, வர்த்தமானி, நட்டஈடு என்று அதற்கு ஒரு வழி உண்டு. அந்த வழியால்தான் உரித்து அரசுக்குப் போகும். மண்சரிவு அபாயம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடையாளமிட்ட இடத்தில் வசிக்கக் கூடாது. அதை மீறுவது உயிரோடு விளையாடுவது. ஆனால் அபாய அடையாளம் மட்டும் உரித்தைப் பறிப்பதில்லை. மாற்றுக் காணி தரும்போது பழைய காணியை ஒப்படைப்பதாகக் கையொப்பம் கேட்டால், வாசிக்கப் பண்ணிக் கேட்டு, பிரதி ஒன்றை வாங்கிய பின் கையொப்பமிடுங்கள்.

இதெல்லாம் உறுதி உள்ளவருக்கு. மரக்கறி செய்பவர்களில் பலரிடம் இருப்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம். அதில் நிபந்தனைகள் உண்டு. பயிரிடவில்லை, குடியிருக்கவில்லை என்று பிரதேச செயலகத்திலிருந்து அறிவித்தல் வரலாம். வந்தால் பேசாமல் இருந்துவிடக் கூடாது. எந்தத் திகதியில், யார் சொல்லி இறங்கி வந்தோம், திரும்பிப் பயிரிட நினைக்கிறோம் என்பதை இப்போதே பிரதேச செயலாளருக்கு எழுதி, கிராம உத்தியோகத்தரிடமும் ஒரு பிரதி கொடுத்து வைப்பது நல்லது. மனதில் இருப்பதை உரோம நீதிபதியும் கண்டதில்லை, கடிதத்தைத்தான் எவரும் காண முடியும். பின்னுரித்தாளராக யாருடைய பெயர் பதிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். முன்பு பெயர் குறிக்காவிட்டால் ஆண் பிள்ளைக்கே முதலிடம் போயிற்று. 2022இல் வந்த திருத்தம் அந்த வேற்றுமையை நீக்கியது.

நீங்கள் இல்லாத நேரம் வேறொருவர் வேலி போட்டுவிட்டால்? உரோமையில் பலாத்காரமாக வெளியேற்றப்பட்டவர் ஓராண்டுக்குள் நீதிபதியிடம் போனால், உரித்து யாருக்கு என்று கேளாமலே ஆட்சியைத் திருப்பிக் கொடுப்பார்கள். முதலில் திரும்பி உள்ளே போ, உரித்தைப் பின்னர் பேசலாம் என்பது முறை. எமது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலும் அதே ஓராண்டு இருக்கிறது. அமைதி குலையும் என்ற நிலை இருந்தால் 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்றச் சட்டப்படியும் போகலாம். அதற்கு, நீதிமன்றத்தில் தகவல் இடப்படும் நாளுக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் வெளியேற்றப்பட்டிருக்க வேண்டும். இரண்டு மாதம் என்பது முகாமில் இருப்பவருக்கு மிகக் குறுகிய காலம். ஆகவே வாரத்தில் ஒரு முறையாவது, பகலில், மழையில்லாத நாளில் யாராவது காணியைப் பார்த்து வருவது வீண் வேலையல்ல.

மூன்றாவது கேள்விக்குரிய தம்பியைப் போன்றவர்கள் எமது வாசகர்களில் பலர். 1977, 1983 கலவரங்களின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், அங்கும் யுத்தத்தால் பெயர்ந்தவர்கள் இருக்கிறார்கள். இங்கே உரோமரிடம் இருந்த ஒரு நல்ல காரியம் எமது சட்டத்தில் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். காணிக்காரரும் காணியில் இருப்பவரும் ஒரே மாகாணத்தில் வாழ்ந்தால் பத்தாண்டு, வெவ்வேறு மாகாணத்தில் வாழ்ந்தால் இருபதாண்டு என்று ஜஸ்டினியன் வைத்தான். தூரத்தில் இருப்பவருக்குச் செய்தி தாமதமாகப் போகும், வழக்காட வருவது கடினம் என்ற இரக்கம் அது. 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமோ சிறுவர், சித்த சுவாதீனம் இல்லாதவர், கடல் கடந்து இருந்தவர் போன்றோருக்கே சலுகை காட்டுகிறது. உரிமை பாதிக்கப்பட்ட வேளையில் இந்தியாவில் இருந்தவர் அதைக் கோரலாம். அதுவும் முப்பது ஆண்டு ஆட்சிக்கு முன்னால் நிற்காது. வவுனியாவில் இருந்தவர் கடலைக் கடக்கவில்லை, ஆகவே அவருக்குச் சலுகை இல்லை. யுத்தத்தில் இப்படி அகப்பட்டவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பத்தாண்டுக் கணக்கில் சேர்க்காமல் விட அது வழி செய்தது. ஆனால் வழக்கிட இரண்டே ஆண்டுதான் கொடுத்தது. கேள்விப்பட்டு வந்தவர்களில் பலருக்கு அந்தக் கதவு மூடிவிட்டது.

ஆயினும் தம்பி மனம் தளர வேண்டியதில்லை. தகப்பன் காணி பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவானது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, தகப்பன் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் பாதி தாய்க்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக; மகன் என்றும் மகள் என்றும் பிரிவில்லை. சகோதரர்களில் ஒருவர் மட்டும் காணியில் இருந்தால் அவர் மற்றவர்களுக்காகவும் இருக்கிறார் என்றே சட்டம் கொள்ளும். 1911இல் லண்டன் கோமறைக் கழகம் இலங்கை வழக்கொன்றில் இதை உறுதி செய்தது. 'இதில் உனக்குப் பங்கில்லை' என்று அண்ணன் வெளிப்படையாக மறுத்து, தம்பியை விலக்கிய நாளிலிருந்துதான் பத்தாண்டு ஓடும். தேயிலை பறித்தார், மிளகு வைத்தார், வீடு திருத்தினார் என்பவை மட்டும் விலக்கியதாகா. அண்ணன் வருடத்துக்கு ஒரு முறை ஒரு மூட்டை உருளைக்கிழங்கு அனுப்பியிருந்தால், அதுகூடத் தம்பியின் பங்கை ஏற்றதற்குச் சாட்சியாகலாம். இரு வீட்டாருக்கும் எமது யோசனை, நொத்தாரிசிடம் போய் பங்கு பிரித்து உறுதி முடித்துக்கொள்வது. நீதிமன்றத்தில் பங்கு வழக்கு பேரப்பிள்ளை காலம் வரை இழுபடக் கூடும்.

ஒரு எச்சரிக்கை. முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இப்போது காணி கைமாறும் பேச்சு அதிகம் அடிபடுகிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதாத காணி விற்பனை செல்லாது. வெள்ளைக் கடதாசியில் முத்திரை ஒட்டி எழுதியதும், பணம் வாங்கிய பற்றுச்சீட்டும் உரித்தை மாற்றா. அரச அனுமதிப்பத்திரக் காணியை அப்படி வாங்கியவர் பணத்தையும் இழந்து காணியையும் இழப்பார். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரச காணியிலிருந்து வெளியேறும்படி அறிவித்தல் வந்தால், நீதவான் கேட்பது செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்ற ஒன்றைத்தான். எத்தனை காலம் இருந்தீர்கள் என்று கேட்க மாட்டார்.

உறுதி வெள்ளத்தில் போனவர்கள், உறுதி இலக்கமோ நொத்தாரிசின் பெயரோ காணியின் பெயரோ நினைவிருந்தால் நுவரெலியா காணிப் பதிவகத்தில் பதிவேட்டைத் தேடிப் பிரதி பெறலாம். காணி கண்டி மாவட்டத்தில் என்றால் அந்த மாவட்டத்துப் பதிவகம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடலாம். பல நீதிமன்றங்களை அண்டியே அவை இருக்கின்றன. போகும்போது அடையாள அட்டை, வருமானம் பற்றிய கிராம உத்தியோகத்தரின் கடிதம், காணி பற்றிய எந்தத் துண்டுக் கடதாசி என்றாலும் கொண்டுபோங்கள். பழைய வரிச் சீட்டு, உர மானியச் சீட்டு, அயல் காணிக்காரரின் உறுதியில் 'வடக்கே இன்னாருடைய காணி' என்று உங்கள் தகப்பன் பெயர் வரும் எல்லை வரி, இவையும் உதவும்.

லயத்துத் தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நாங்க கேட்காமலே வந்து குந்தியிருந்தா சொந்தமாகியிருக்குமா சாமி?" என்று கேட்டார். தனியார் காணியாக இருந்திருந்தால், பத்தாண்டு யாரும் தடுக்காமல் இருந்திருந்தால், ஆம் என்றோம். அவர் சிரித்தார். எமக்குச் சிரிக்க வரவில்லை.